காலிக் குப்பி

பொம்மைக் கடையில் மூன்றாவது குழந்தையும் அழுதபிறகுதான் அண்ணி முடிவெடுத்தாள்.

முதல் குழந்தைக்குப் பல் முளைக்கிற பருவம், எதைப் பார்த்தாலும் அழும் என்று விட்டுவிட்டாளாம். இரண்டாவதற்குத் தூக்கம் வந்திருக்கலாம். மூன்றாவது ஒரு நான்கு வயதுப் பெண். கரடி பொம்மையை அணைத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தது. அண்ணியின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. "நான் எதையும் உடைக்கலை" என்று சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கியது. அந்த நேரம் அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

கடை அவள் மகனுடையது. "அம்மா, நீ கொஞ்ச நாள் உள்ளே உட்கார்ந்து சரக்கு எண்ணேன்" என்றான் அவன், கூடியவரை மென்மையாக. அண்ணி எண்ணவில்லை. நேரே நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"ஏய் பூதம், நான் ஊசி போட்டுக்கப் போறேன்."

"காய்ச்சலா அண்ணி?"

"நெத்திக்கு."

"நெத்தியில காய்ச்சலா?"

"அம்பத்தெட்டு வயசுல வளராத மூளை இனிமே எங்க வளரப் போகுது! நெத்திக் கோட்டுக்குடி. ரெண்டு புருவத்துக்கு நடுவுல. ஊசி போட்டா கோடு மறைஞ்சுடுமாம். இங்க கேட்ட விலைக்கு வெளிநாடு போய், தங்கி, ஊசியும் போட்டுட்டு வந்துடலாம்னு பையன் கண்டுபிடிச்சிருக்கான். கூட ஒரு ஆள் வேணும். நீ வர்றே."

"நான் எதுக்கு?"

"மருந்தைப் பார்க்கறதுக்கு. போலி மருந்து புழங்குதாம்ல. உன் கண்ணை ஏமாத்த முடியுமா?"

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபின் பூதம் வேறு எதையும் கேட்கவில்லை. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லிக் கணவருக்குக் குரல் கொடுத்துவிட்டாள்.

பூதம் என்பது பூதக்கண்ணாடியின் சுருக்கம். ஊசிமருந்துக் கம்பெனியில் மேற்பார்வையாளர் வைத்த பெயர். அண்ணியும் நாத்தனாரும் அங்கே இருபத்தாறு வருடம் பக்கத்துப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தவர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அண்ணியும் இல்லை, இவள் நாத்தனாரும் இல்லை. வாடி போடி என்று ஒரே டப்பாவில் சாப்பிட்ட சிநேகிதிகள்.

அந்த அறை இப்போதும் பூதத்தின் கண்ணுக்குள் இருக்கிறது. ஜன்னல் இல்லாத நீள அறை. பதினொரு முக்காலி, பதினொரு விளக்கு மேஜை. ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு பலகை. லேபிள் ஒட்டாத கண்ணாடிக் குப்பிகள் இடப்பக்கத் தட்டில் வந்து நிற்கும். ஒன்றை எடுக்க வேண்டும், கழுத்தைப் பிடித்து ஒரு சுழற்று, சட்டென்று நிறுத்த வேண்டும். கை நின்றாலும் உள்ளே மருந்து சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுழலில் தூசி இருந்தால் கறுப்புப் பலகையில் மின்னும். கரும்புள்ளி இருந்தால் வெள்ளையில் தெரியும். இல்லையென்றால் தேறியது, வலப்பக்கம். இருந்தால் சிவப்புத் தட்டு. மருந்து குறைந்தாலும் சிவப்புத் தட்டு. காலிக் குப்பி வந்தால் அதைச் சுழற்றுவதுகூட இல்லை, வந்த வேகத்திலேயே சிவப்புக்குப் போகும்.

மேற்பார்வையாளர் அவ்வப்போது கெட்ட குப்பி ஒன்றிரண்டை வேண்டுமென்றே நல்லவற்றோடு கலந்து அனுப்புவார். யார் கண் தூங்குகிறது என்று பார்க்க. இருபத்தாறு வருடத்தில் பூதத்திடம் ஒன்றுகூடத் தப்பியதில்லை. "சார், உங்க பிள்ளையை நீங்களே வச்சுக்கங்க" என்று திருப்பி நீட்டுவாள். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்.

ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு. மணி அடித்ததும் விளக்குகள் அணையும். பதினொரு பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். கண்தான் மூடும், வாய் திறந்துகொள்ளும். மாமியார் கதை, மாப்பிள்ளை கதை, யார் வீட்டுப் பூனை யார் வீட்டில் குட்டி போட்டது என்கிற கதை. பூதம் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில்தான். சைக்கிள் ஓட்டும்போது பாடுவான், சுருதி சேராது. கோபம் வந்தால் சாப்பிடாமல் படுப்பான், பாதி ராத்திரியில் எழுந்து சாப்பிட்டுவிடுவான். ஒருநாள் பக்கத்து முக்காலியிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "உங்க அண்ணனுக்குப் பொண்ணு பார்த்தாச்சா?" பூதம் விதியை மீறிக் கண்ணைத் திறந்துவிட்டாள். சிநேகிதி மட்டும் கண்ணை இறுக மூடியபடியே இருந்தாள், காதுமடல் சிவந்து.

கல்யாணத்தன்று பூதத்தின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இனிமே அவ உனக்கு அண்ணி. வாங்க, போங்கதான். டி போட்டே, வாயிலேயே போடுவேன்." பூதம் கட்டுப்பட்டாள். அண்ணி கட்டுப்படவில்லை. அன்றிலிருந்து ஒருத்தி நீங்க, ஒருத்தி வாடி என்றே முப்பது வருடம் ஓடிவிட்டது.

வீட்டில் இரண்டு பேரும் குடிதண்ணீரைக்கூட வெளிச்சத்தில் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். "எனக்குத் தண்ணி தர்றீங்களா, சர்ட்டிபிகேட் தர்றீங்களா?" என்பான் அண்ணன். அவன் போய் ஆறு வருடம் ஆகிறது.

கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விளக்கைப் பார்த்ததில் பதினொரு பேருக்கும் புருவத்தின் நடுவே கோடு விழுந்திருந்தது. அண்ணிக்கு விழுந்தது கோடு இல்லை, வாய்க்கால். காசைச் செருகினால் நிற்கும்.

*

டாக்டர் இளவயதுப் பெண். நம் பாஷை பேசுகிறவர் என்பதால்தான் மகன் அந்தக் கிளினிக்கைப் பிடித்திருந்தான். சுவரில் படிப்புச் சான்றிதழும் உரிமப் பத்திரமும் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. சர்க்கரை உண்டா, நரம்புத் தளர்ச்சி உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அரைமணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டார். "இப்படி ஊசி ஏற்கெனவே போட்டிருக்கீங்களா?" என்றார். "பையன் பொறக்கறப்போ போட்டது" என்றாள் அண்ணி.

பூதம் தொண்டையைச் செருமினாள். "மருந்தை நான் பார்க்கணும்."

டாக்டர் முகம் மலர்ந்தது. "தாராளமா. நியாயமா எல்லாரும் கேட்கணும், யாரும் கேட்கறதில்லை." குளிர்பெட்டியைத் திறந்து, முத்திரை பிரிக்காத அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே பிரித்துக் குப்பியை நீட்டினார்.

கட்டைவிரல் உயரக் குப்பி. பூதம் ஜன்னல் பக்கம் திரும்பி, கழுத்தைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினாள். ஒன்றும் சுழலவில்லை. மறுபடி பார்த்தாள். அடியில் மூச்சுப் பட்டதுபோல் வெள்ளையாக ஒரு படலம். அவ்வளவுதான். அவள் கை தானாகச் சிவப்புத் தட்டைத் தேடியது.

"டாக்டரம்மா, இதுல மருந்து எங்க?"

"உள்ளதான் இருக்கு, அது வந்து..."

"எங்க இருக்கு? எனக்குக் காட்டுங்க பார்ப்போம்."

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"இருபத்தாறு வருஷம் நான் குப்பியைப் பார்த்தவ. காலிக் குப்பிக்கும் மருந்துக் குப்பிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? காத்தைக் குத்தி அனுப்பலாம்னு பார்க்கறீங்க!"

டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பூதம் விட்டால்தானே! அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் சும்மா போயிருக்கலாம். கூடத்தில் காத்திருந்த ஐந்தாறு பேரைப் பார்த்து, "எல்லாரும் பாட்டிலைப் பார்த்துட்டுக் குத்திக்கங்க, உள்ள ஒண்ணுமில்லை!" என்று அறிவித்துவிட்டுப் போனாள். பாஷை புரிந்த இரண்டு பேர் எழுந்துகூட நின்றுவிட்டார்கள்.

தெருவில் அண்ணி தயங்கினாள். "அந்தப் பொண்ணு ஏதோ சொல்ல வந்துச்சுடி."

"சொல்லும், சொல்லும். மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் செய்வாங்க. நீங்க நடங்க."

அண்ணி நடந்தாள். பூதம் மருந்து விஷயத்தில் ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு எது?

தங்கியிருந்த விடுதியின் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் கதையைக் கேட்டு உச்சுக் கொட்டினாள். "அந்தக் கிளினிக்கா? அங்க பந்தா ஜாஸ்திம்மா. நமக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க இருக்காங்க, பார்லர் வச்சிருக்காங்க. நம்ம பாஷைதான். காலையில போனா மத்தியானம் ஷாப்பிங் போயிடலாம்."

நம்ம பாஷை, நமக்குத் தெரிஞ்ச அக்கா. வேற்று ஊரில் இந்த இரண்டு வார்த்தைக்கு இருக்கிற மயக்கம் வேறு எதற்கும் இல்லை.

முடி வெட்டும் கடையின் பின்பக்கப் படி ஏறினால் ஒரே ஒரு அறை. சாயம் பட்ட துண்டுகள் ஒரு கூடையில் குவிந்திருந்தன. பார்லர் அக்கா வாய் நிறையச் சிரித்து, அண்ணியைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தாள். சர்க்கரை, நரம்பு, மாத்திரை என்ற பேச்சே இல்லை. "அம்மாவுக்கு என்ன அழகான மூக்கு!" என்றாள். மூலையில் இருந்த சின்னக் குளிர்பெட்டியிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்தாள்.

"ஏண்டி பூதம்," அண்ணி கிசுகிசுத்தாள், "மருந்து ஜூஸ் பாட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு."

"இருங்க, நான் பார்க்கறேன்."

பெட்டியில் அதே கம்பெனிப் பெயர். குப்பியின் மூடி இறுக்கமாக இருந்தது, முத்திரை கலையவில்லை. உள்ளே, கழுத்துவரை, நிறமற்ற மருந்து.

பூதம் அதை அறை விளக்குக்கு நேரே பிடித்தாள். தன் கறுப்புக் கைப்பையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். சுழற்றினாள், நிறுத்தினாள். மருந்து பளபளவென்று சுழன்றது. அந்த ஒரு கணத்தில் முக்காலிகள், விளக்குகள், மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம், பக்கத்தில் இளம்பெண்ணாக உட்கார்ந்திருந்த அண்ணியின் வளையல் ஒலி, எல்லாம் திரும்ப வந்து நின்றன. ஒரு தூசி இல்லை, ஒரு நூலிழை இல்லை. வெள்ளைத் துண்டைப் பின்னால் வைத்து மறுபடி சுழற்றினாள். கரும்புள்ளி இல்லை. இத்தனை வருடம் கழித்தும் கை மறக்கவில்லை, கண் மறக்கவில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"வைரமா பார்க்கறீங்கக்கா?" பார்லர் அக்கா சிரித்தாள்.

"தேறியது" என்றாள் பூதம்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அண்ணி நிம்மதியாகத் தலையைச் சாய்த்தாள்.

நெற்றியைப் பஞ்சால் துடைத்து, ஐந்து இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தாள் பார்லர் அக்கா. முதல் ஊசி நடுப்புள்ளியில் இறங்கியது. "அம்மாடி!" அண்ணி பூதத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏதாவது பேசுடி, வலிக்குது."

"என்ன பேசறது?"

"எதையாவது படி. அந்த டப்பாவையாவது படி."

பூதம் மூக்குக்கண்ணாடியை இறக்கி, பெட்டியை எட்ட வைத்து எழுத்துக்கூட்டினாள். கம்பெனியில் லேபிளும் பெட்டியும் அடுத்த கட்டடத்து வேலை. விளக்கு மேஜைக்கு வருவது அம்மணக் குப்பிதான். அதனால் பெட்டியைப் படிக்கிற பழக்கமே அவளுக்கு இருந்ததில்லை. குப்பி பேசும்போது அட்டை எதற்கு?

"மருந்துப் பேரு போட்டிருக்கு... நூறு யூனிட்... அப்புறம்... பவுடர்." நிறுத்தினாள். மறுபடி படித்தாள். "ஊசிக்கான பவுடர். உப்புநீர்ல கலக்கி..."

பவுடர்.

பெட்டி பவுடர் என்கிறது. குப்பியில் இருப்பது தண்ணீர். முத்திரை பிரிக்காத குப்பிக்குள் தண்ணீர் எப்படிப் போனது? அந்த டாக்டர் பெண் காட்டிய குப்பியின் அடியில் மூச்சுப் பட்டதுபோல் இருந்த வெள்ளைப் படலம்... அதுதான் மருந்து. தான் சிவப்புத் தட்டில் போட்டது மருந்து. தேறியது என்று சொன்னது வேறு ஏதோ.

இரண்டாவது ஊசி நெற்றியைத் தொடப்போனது.

"நிறுத்து! கையை எடு!"

பார்லர் அக்கா திடுக்கிட்டாள். "என்னக்கா?"

"டப்பாவுல பவுடர்னு போட்டிருக்கு. இது ஏன் தண்ணியா இருக்கு?"

"இது புது மாடல்க்கா. ரெடியா கலந்தே வருது."

"அப்போ டப்பா மட்டும் பழைய மாடலா?"

பார்லர் அக்காவின் சிரிப்பு போய்விட்டது. குப்பியைப் பிடுங்கக் கை நீட்டினாள். பூதம் முந்திக்கொண்டாள். குப்பியும் பெட்டியும் கைப்பைக்குள் போயின. "எழுந்திருங்க அண்ணி." "துண்டுடி..." "துண்டு கிடக்கட்டும், எழுந்திருங்க!" கழுத்தில் துண்டும் நெற்றியில் நான்கு புள்ளியும் ஒரு துளி ரத்தமுமாக அண்ணி படியிறங்கி ஓடியதை, முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கண்ணாடி வழியாக வாய் பிளந்து பார்த்தார்கள்.

*

அதே கூடம், அதே நாற்காலிகள். நேற்று எழுந்து நின்ற இரண்டு பேரில் ஒருத்தர் இன்றும் இருந்தார். பூதம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். டாக்டர் திட்டவில்லை. "எந்த இடத்துல? எத்தனை ஊசி? மணி எத்தனை இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். குப்பியைக் கையுறை போட்டு வாங்கினார்.

"இந்தக் கம்பெனி இந்த மருந்தைத் தண்ணியா விக்கிறதே இல்லைம்மா. குப்பியில காய்ஞ்ச பவுடராத்தான் வரும், கண்ணுக்கே சரியாத் தெரியாது. நாங்க அளந்து உப்புத்தண்ணி விட்டுக் கலக்கணும். நேத்து அதைத்தான் சொல்ல வந்தேன்."

"இப்போ இவங்களுக்குள்ள போனது என்ன?" என்று கேட்டாள் பூதம்.

"எனக்கும் தெரியாது. வெறும் தண்ணியா இருந்தா அதிர்ஷ்டம். அசல் மருந்துங்கறதே ஒரு விஷத்தைத் துளியிலும் துளியா அளந்து வைக்கிறதுதான். அளவு தெரியாதவன் செஞ்சிருந்தா..." ஒரு காகிதத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். "ஊருக்கு இப்போ விமானம் ஏறாதீங்க. கண்ணிமை தொங்குதா, பார்வை ரெண்டாத் தெரியுதா, பேச்சு குழறுதா, விழுங்க முடியலையா, மூச்சு வாங்குதா, பார்த்துக்கிட்டே இருங்க. இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் என்னைக் கூப்பிட்டுட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நான் இப்பவே அவங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்."

கதவருகே பூதம் நின்றாள். "டாக்டரம்மா, நேத்து நான் பேசினது..."

"அப்புறம் பேசலாம்மா. இப்போ அவங்களைப் பாருங்க."

பார்த்தாள். மணிக்கு ஒருமுறை அண்ணியை ஜன்னலோரம் உட்கார வைத்து, மேலே பாருங்க, கீழே பாருங்க, என் விரல் எத்தனை, நம்ம மேற்பார்வையாளர் பேரு என்ன, ஒரு வாய் தண்ணி குடிங்க என்று வரிசையாகக் கேட்டாள். இருபத்தாறு வருடம் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. இடது கன்னத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. எப்போதிலிருந்து?

"என்னைச் சுழற்றி வேற பார்த்துடாதே" என்றாள் அண்ணி.

அவளுக்குப் பயம் இருந்தது. அதை மறைக்கப் பழைய கதையாகப் பேசினாள். மழைநாளில் மின்சாரம் போய், பதினொரு பேரும் இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. மேற்பார்வையாளரின் மதியச் சாப்பாட்டை ஒருநாள் சிவப்புத் தட்டில் வைத்து அனுப்பியது. கல்யாணமான புதிதில், அண்ணனின் பாட்டைப் பொறுக்க முடியாமல் காதில் வேலைக்கூடப் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தது. "பஞ்சை எடுத்துட்டு வந்தது நீதானே?" "நீங்கதான் கேட்டீங்க!" சிரித்தார்கள். சிரிக்கும்போதும் பூதம் இமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை. தண்ணீர் குடித்த அண்ணிக்குப் புரையேறியது. மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது. "அவசரமாக் குடிச்சிட்டேன்" என்றாள். குரல் மூக்கடைத்தாற்போல் இருந்தது. இடது இமை பாதி இறங்கியிருந்தது.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வண்டி, தள்ளு நாற்காலி, நீளமான நடைகூடம், மூடிய கதவு. டாக்டர் பெண் தன் கிளினிக்கை விட்டு வந்து, குப்பியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் அங்கிருந்தவர்களிடம் விவரம் சொன்னார். குப்பி கையில் இருந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் முறிவு மருந்தை உடனே ஏற்ற முடிந்தது என்றார். "விஷம் இனி மேலே ஏறாது. ஆனா இறங்கறதுக்கு நாளாகும். மூச்சுக்கு ஆபத்து வருதான்னு பார்க்கணும்."

உள்ளே விட்டபோது அண்ணி மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். வலது கண் மட்டும் பூதத்தைத் தேடியது. முப்பது வருடத்துப் பழக்கம் பூதத்தின் வாயிலிருந்து கழன்று விழுந்தது. "என்னை விட்டுட்டுப் போயிடாதடி. அவனும் போயிட்டான். நீயும் போனே, கொன்னுடுவேன்."

அண்ணியின் விரல்கள் அவள் கையை அழுத்தின. அழுத்தத்தில் பலம் இருந்தது. பூதம் அதைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். டாக்டர் பெண் மொழிபெயர்த்தார். பார்லரைப் பூட்டிவிட்டார்கள், இன்னும் இருபது குப்பி அங்கே இருந்ததாம். நடந்ததை எழுதித் தர வேண்டும். பூதம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினாள். விடுதி, படி, அறை, குளிர்பெட்டி. அடுத்த வரியில் பேனா நின்றது. அண்ணி எட்டிப் பார்த்தாள். பேச முடியாததால் நர்ஸ் கொடுத்திருந்த சிலேட்டுப் பலகையில் கிறுக்கிக் காட்டினாள்: அந்த வரி வேண்டாம். விடு.

பூதம் விடவில்லை. "மருந்தை நான்தான் வாங்கிப் பார்த்தேன். நல்லது என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னதால்தான் அண்ணி படுத்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

டாக்டர் படித்துவிட்டு, "இதை எழுதணும்னு அவங்க கேட்கலையே அம்மா" என்றார்.

"கேட்கலைதான். ஆனா அந்தப் பொம்பளை அண்ணியை ஏமாத்தலை டாக்டரம்மா, என்னை ஏமாத்துனா. குப்பி சுத்தமா இருந்தா மருந்தும் நல்லதுன்னு நினைக்கிற ஆள் இன்னும் எத்தனை பேரோ! எனக்குத் தெரிஞ்சே ஒன்பது பேர் இருக்காங்க, எல்லாருக்கும் நெத்தியில கோடு இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "உங்க கூடத்துல கத்தினேனே, அதையும் எழுதிடட்டுமா?"

"அதை விட்டுடுங்க" என்றார் டாக்டர், முதல்முறையாகச் சிரித்து. "அன்னிக்கு எழுந்து நின்னவர் மறுநாளே வந்து, குப்பியைக் காட்டச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் ஊசி போட்டுக்கிட்டார்."

தினமும் காலையில் நர்ஸ் ஒரு கரண்டி தண்ணீரோடு வருவாள். முதல் நாள் புரையேறியது. இரண்டாம் நாள் புரையேறியது. மூன்றாம் நாள் அண்ணி வாயைத் திறக்கவே மறுத்துவிட்டாள். நான்காம் நாள் பாதி இறங்கி, பாதி வெளியே வந்தது. பூதம் ஒவ்வொரு நாளும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானும் வாயைத் திறந்து மூடினாள்.

ஐந்தாம் நாள் நர்ஸ் அண்ணியை நிமிர்த்தி உட்கார வைத்தாள். கரண்டி உதட்டைத் தொட்டது. அண்ணியின் தொண்டை ஒருமுறை ஏறியது. நின்றது. பூதமும் வாயைத் திறந்தபடி நின்றாள். அண்ணியின் தொண்டை இறங்கியது.

இருமல் வரவில்லை. நர்ஸ் விரலை உயர்த்திக் காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து. அப்போதும் வரவில்லை.

"பேசுங்க" என்று சைகை காட்டினாள் நர்ஸ்.

அண்ணி உதட்டை நாக்கால் தடவினாள். குரல் இன்னும் மூக்கிலிருந்துதான் வந்தது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"இன்னொரு கரண்டி குடுங்க. அப்படியே இவளுக்கும் ஒண்ணு குடுங்க சிஸ்டர், தொண்டை காஞ்சு நிக்கிறா."